பதினெட்டு அடிப் படகுக்கு எத்தனை எச்.பி.?

மோட்டார் கத்துச்சு பாருங்க, அப்படி ஒரு கத்து!

கரைக்கு இன்னும் நூறு கஜம்கூட இல்ல. இந்தப் பக்கம் அலையத் தடுக்கப் போட்ட பாறாங்கல்லு. அந்தப் பக்கம் சரக்கு ஏத்திக்கிட்டு பெரிய மரத்தோணி ஒண்ணு, மலை நகர்ந்து வர்ற மாதிரி வருது. நடுவுல ரத்னசபாபதியோட பதினெட்டு அடிப் பாய்ப்படகு. அவரு படகோட முன்பக்கம் நின்னு பாய இறக்குறாரு. பாய் பாதியிலயே சிக்கிக்கிச்சு. பின்பக்கம் யாருமில்லாம மோட்டார் மட்டும் தூத்துக்குடியே திரும்பிப் பாக்குற மாதிரி அலறுது. இவ்வளவு அலறியும் படகு ஒரு அடி முன்னால போகல! காத்து தள்ளுற பக்கம், கல்லு இருக்கிற பக்கம், அலுங்காம குலுங்காம போயிக்கிட்டிருக்கு.

"ஏங்க, என்னாச்சு?"

கேட்டது அவரு வீட்டம்மா செண்பகவல்லி. முன்பக்கத்துல, அவரு காலடியிலயே, குஷன் போட்டு உக்கார வச்சிருந்தாரு. பெட்ரோல் வாடை ஆகாதுன்னு அவரேதான் அங்க உக்காரச் சொன்னாரு. எதையும் தொடாதன்னும் சொல்லியிருந்தாரு.

"ஒண்ணுமில்ல!"

"கல்லு கிட்ட வருதே!"

"ஒண்ணுமில்லங்கேன்ல!"

பாய அப்படியே விட்டுட்டு விழுந்தடிச்சுப் பின்னால ஓடுனாரு. அவரு போய்ச் சேந்ததுதான் தாமசம், அதுவரைக்கும் சும்மா கத்திக்கிட்டிருந்த மோட்டார் திடீர்னு தண்ணியக் கவ்வி ஒரே பாய்ச்சல்! செண்பகவல்லி மல்லாந்துட்டாங்க. அவங்க ஒத்தச் செருப்பும், எலுமிச்சஞ்சாதம் இருந்த தூக்குவாளியும் கடலுக்குள்ள போச்சு. பயந்துபோய் அவரு மோட்டார அமத்துனாரு. அமத்துனது அமத்துனதுதான். கயித்த இழுத்தாரு, இழுத்தாரு, பதினோரு தடவை இழுத்தாரு. ம்ஹூம்.

"நான் ஒரு இழு இழுக்கட்டுமா?"

"உன்னால ஆகாது. நீ கம்பியப் பிடிச்சுக்கிட்டு இரு!"

கல்லுக்கும் படகுக்கும் நடுவுல ஒரு ஆள் உயரம்தான் இருக்கும். அந்த நேரத்துல ஃபைபர் போட்டுல மீன் பிடிச்சுட்டு வந்த ரெண்டு பேரு கயிறு வீசிக் கட்டி இழுத்தாங்க. இழுக்கும்போதே அதுல ஒருத்தர் கேட்டாரு, "அண்ணாச்சி, மோட்டார ஓட்டுறதுக்கு மாட்டியிருக்கீங்களா, பாட்டுக் கேக்கவா?"

கரையில, சுடுமணல்ல, ஒத்தச் செருப்போட செண்பகவல்லி நின்னாங்க. அதையும் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டாங்க.

"நாலு வருஷமா கூப்பிட்டீங்க. இன்னைக்கு வந்தேன். படக வித்துருங்க."

ரத்னசபாபதி படக விக்கிறதா! முப்பத்தி மூணு வருஷம் கரண்ட் கம்பத்து மேல நின்னு கடலப் பாத்த மனுஷன் அவரு. ஒவ்வொரு கம்பத்து உச்சியிலயும், ஒரு நாள் அதுக்குள்ள போகணும், செம்பகத்தையும் கூட்டிட்டுப் போகணும்னு நெனச்சுக்கிட்டே வயரு முறுக்குனவரு. ரிட்டயர் ஆன மறுவாரம் வாங்குன படகு அது.

"மோட்டார்தான் கோளாறு. மோட்டார மாத்திருதேன். இன்னும் ஒரே தடவை வா!"

அந்தம்மா யோசிச்சாங்க. "ஒரே தடவை. அப்பவும் இதே கூத்துன்னா படகு வீட்டுக்கு வேண்டாம். சரியா?"

"சரி!"

மறுநாள் காலைல அவரு ஓடுன ஓட்டத்தப் பாத்திருக்கணும்! அறுபத்தி ரெண்டு வயசு ஆளுன்னு யாரும் சொல்லமாட்டாங்க. எங்க ஓடுனாருன்னா, ஜெசிந்தா டீச்சர் ஷெட்டுக்கு.

ஜெசிந்தா டீச்சருக்கு முப்பது வயசுகூட முடியல. பாய்ப்படகு ஓட்டச் சொல்லிக்குடுக்கிறாங்க. கஸ்டம்ஸ் ஆபீசர், டாக்டர், காலேஜ் பிள்ளைக எல்லாரும் அவங்ககிட்டதான் படிக்கிறாங்க. ரத்னசபாபதியும் மூணு வருஷமா அவங்க சிஷ்யன்தான். அவருக்கு மக வயசுதான். ஆனா அவரு 'டீச்சர்'னுதான் கூப்பிடுவாரு. அவங்க 'அண்ணாச்சி'ம்பாங்க.

டீச்சர் கிழிஞ்ச பாய் ஒண்ண மடியில போட்டுத் தச்சுக்கிட்டிருந்தாங்க.

"டீச்சர்! எட்டா, பத்தா?"

"என்னது?"

"எச்.பி. டீச்சர்! இப்ப இருக்கது அஞ்சு எச்.பி. பத்தல! நேத்து முழு மானமும் போச்சு. எட்டு வாங்கட்டா, பத்து வாங்கட்டா? பத்துதான் எனக்குத் தோணுது. கரண்ட் ஆபீஸ்ல இருந்தவன், மோட்டாரப் பத்தி எனக்குத் தெரியாதா!"

"வாங்கும்போது ஓட்டிப் பாத்தீங்களா?"

"பாத்தேனே! போன வாரம் வாங்கும்போது பக்கத்துலயே உக்காந்து ஒரு மணி நேரம் ஓட்டுனேன். வெண்ணெ மாதிரி ஓடுச்சு."

டீச்சர் ஊசியக் குத்தி வச்சாங்க. "வாங்க."

ரெண்டு பேரும் படகுக்குப் போனாங்க. போற வழியில உப்பு மூட்டைகள அடுக்கி வைக்கிற கிட்டங்கி. டீச்சர் அங்க சொல்லி ஒரு மூட்ட உப்பு எடுத்துட்டு வரச் சொன்னாங்க. அத படகோட முன்பக்கம் வச்சாங்க. அந்தக் குஷன் மேலயே.

"இது என்ன டீச்சர்?"

"மதினின்னு வச்சுக்கிடுங்க."

"அவ இத விடக் கொஞ்சம்..."

"அவங்ககிட்ட சொல்லட்டா?"

"வேண்டாம் வேண்டாம். உப்பே இருக்கட்டும்."

படக ரெண்டு பக்கமும் கயித்தால, கரையிலருந்து தண்ணிக்குள்ள நீட்டிப் போட்டிருக்கிற பாலத்தோட இறுக்கிக் கட்டுனாங்க. நேத்து இழுத்த இழுப்புல பெட்ரோல்ல நனஞ்சு போயிருந்த பிளக்கக் கழட்டிக் காயவிட்டு, டீச்சர் மோட்டார ஸ்டார்ட் பண்ணிக் குடுத்தாங்க. கியரும் போட்டாச்சு. ரத்னசபாபதி பக்கத்துல உக்காந்தாரு. டுபு டுபுன்னு அருமையா ஓடுது.

"முன்னாடி போங்க."

போனாரு. ஙீஈஈஈ!

"பின்னாடி வாங்க."

வந்தாரு. டுபு டுபு டுபு.

"முன்னாடி."

ஙீஈஈஈ!

"பின்னாடி."

டுபு டுபு டுபு. பாலத்து மேல நாலு பேரு கூடிட்டாங்க. ஒருத்தன் கைதட்டுறான். ரத்னசபாபதிக்கு வேர்த்துக் கொட்டுது. மூணாவது தடவை முன்னால போனவரு, போன இடத்துல இருந்தே திரும்பிப் பாத்தாரு.

பாத்தாரா? படகோட முன்பக்கம் அவரும் உப்பும் உக்காந்த கனத்துல கீழ இறங்கியிருக்கு. பின்பக்கம் தூக்கியிருக்கு. மோட்டாரும் சேந்து தூக்கியிருக்கு. அடியில சுத்துற ப்ரொப்பல்லர் தண்ணிய விட்டு வெளிய வந்து வெறும் காத்துல சுத்துது!

"கால்! டீச்சர், கால்! மோட்டார்ல ப்ரொப்பல்லர் மாட்டியிருக்கிற கால் குட்டை!"

"ம்."

"ஃபைபர் போட்டுல ஓடுன மோட்டார்லா இது! அதுக்குப் பின்பக்கம் தணிவு, குட்டைக் கால் போதும். பாய்ப்படகுக்குப் பின்பக்கம் ஒசரம். நான் முன்னால போனா இன்னும் ஒசரம். நான் போயி... செம்பகத்தையும் அங்கயே உக்கார வச்சு... ஐயோ டீச்சர், இருபது எச்.பி. போட்டாலும் காத்தத்தானே கடையும்!"

"ம்."

"பக்கத்துல உக்காந்து பாத்தேனே டீச்சர்! நல்லா ஓடுச்சே!"

"நீங்க பக்கத்துல இருந்தா எல்லா மோட்டாரும் நல்ல மோட்டார்தான் அண்ணாச்சி."

அவரு அதக் கேட்டாரா கேக்கலையான்னு தெரியல, சந்தோசத்துல கால் தரையில நிக்கல. "முடிஞ்சுது கத! லாங் ஷாஃப்ட். நீளக்கால். பத்து எச்.பி. இன்னைக்கே எடுத்துருதேன். ஞாயித்துக்கிழம செம்பகம் படகுல! வித்த மாதிரிதான்னு நெனச்சேன் டீச்சர், நீங்க காப்பாத்திட்டீங்க!"

டீச்சர் கயித்த அவுத்துக்கிட்டே கேட்டாங்க, "மதினி எதுக்குப் பயந்தாங்க?"

"மோட்டார் கத்துனதுக்கு."

"கேட்டீங்களா?"

"இத வேற கேக்கணுமா?"

டீச்சர் உப்பு மூட்டையத் தூக்கித் தோள்ல வச்சுக்கிட்டு நடந்துட்டாங்க.

வீட்டுக்குப் போனாரு. செண்பகவல்லி முருங்கக்கீர உருவிக்கிட்டிருந்தாங்க. அவரு எதிர்ல உக்காந்து தானும் ஒரு கொத்து எடுத்துக்கிட்டாரு. இவரு கீர உருவ உக்காந்தா ஏதோ விஷயம் இருக்குன்னு அவங்களுக்குத் தெரியாதா.

"என்ன வேணும்?"

"நேத்து நீ எதுக்குப் பயந்த? மோட்டார் சத்தத்துக்குத்தான?"

அந்தம்மா சிரிச்சுட்டாங்க. "எங்கப்பா மாவு மில்லு வச்சிருந்தாரு. தொட்டில்ல கிடக்கும்போதே மில்லு சத்தம் கேட்டவ நான். மோட்டார் கத்துனா எனக்குத் தூக்கம்தான் வரும்."

"அப்ப தோணி வந்துச்சே, அதுக்கா?"

"தோணிக்காரன் நம்மளப் பாத்துட்டான். அவன் திருப்பிட்டான். நீங்கதான் பாக்கல."

"அப்ப எதுக்குத்தான் பயந்த?"

செண்பகவல்லி கீரைய வச்சாங்க. "நீங்க கயித்தோட மல்லுக்கட்டுறீங்க. பின்னால மோட்டார்கிட்ட ஆளில்ல. சும்மாதான் இருக்கோம், போய் எதாவது செய்வோம்னு பாத்தா, எதத் தொடணும்னே எனக்குத் தெரியல. தொடாதன்னு வேற சொல்லியாச்சு. என்னாச்சுன்னு கேட்டா ஒண்ணுமில்லங்கீங்க. மூஞ்சியப் பாத்தா பேயறஞ்ச மாதிரி இருக்கு. மூட்ட மாதிரி என்னைய உக்கார வச்சிருந்தீங்க. அதுதான் பயம்."

ரத்னசபாபதிக்கு உப்பு மூட்ட கண்ணு முன்னால வந்துச்சு. பாதி கீரையத் தண்டோட உருவிப் போட்டுட்டு எந்திரிச்சுட்டாரு.

மறுநாள் டீச்சருக்குப் போன் போட்டாரு. "கடைக்குப் போகணும் டீச்சர். நீங்க கூட வாங்க."

"மதினி வந்தா வாரேன்."

"அவ எதுக்கு? அவளுக்கு மோட்டாரப் பத்தி..."

போன வச்சுட்டாங்க.

மூணு பேரும்தான் போனாங்க. கடைக்காரர் செல்வின் மூணு நீளக்கால் மோட்டார வரிசையா, தண்ணி நிரப்புன பெரிய டிரம்முல ஒவ்வொண்ணா மாட்டி வச்சிருந்தாரு. ஆறு எச்.பி., எட்டு, பத்து. பத்து இருக்கே, கருகருன்னு, துடச்ச திராச்சப்பழம் மாதிரி பளபளப்பு! ரத்னசபாபதி அது மூடியத் தடவுனாரு. தடவுன கையை எடுக்க மனசு வரல.

கயித்தப் பிடிச்சு ஒரே இழு. டபடபடபடபன்னு டிரம்மு தண்ணி கொதிச்சுச்சு!

"ஆகா! ஆகா! டீச்சர், கேளுங்க! சிங்கம் மாதிரி உறுமுது!"

"அமத்துங்க," டீச்சர் சொன்னாங்க. "மதினி, இப்ப நீங்க."

"நானா?" செண்பகவல்லி சேல முந்தானைய எடுத்து இடுப்புல செருகுனாங்க. கயித்தப் பிடிச்சாங்க. இழுத்தாங்க. பாதி தூரம் வந்து கயிறு நின்னுருச்சு. மறுபடி இழுத்தாங்க. பல்லக் கடிச்சுக்கிட்டு இழுத்தாங்க. மோட்டார் ஒரு இருமல்கூட இருமல.

ரத்னசபாபதி பாஞ்சு வந்தாரு. "விடு விடு, நான்..."

டீச்சர் அவரு முன்னால கைய நீட்டித் தடுத்தாங்க.

செல்வின் சொன்னாரு, "அம்மாவுக்குக் கஷ்டம்னா பட்டன் ஸ்டார்ட் மாடல் இருக்கு அண்ணாச்சி. அமுக்குனா ஓடும். பேட்டரி மட்டும் பாத்துக்கிடணும்."

"பாத்துக்கிடலன்னா?" செண்பகவல்லி கேட்டாங்க.

"கயிறுதாம்மா."

"அப்ப கயித்துலயே முடிவு பண்ணுவோம். அடுத்தது எது?"

எட்டு. இழுத்தாங்க. ஒரு தடவை 'குர்'ருன்னுச்சு. மறுபடி, மறுபடி. தோளப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. "இது என்னையப் பாத்து மொறைக்குது."

ஆறு. பாக்கச் சின்னப்பிள்ள மாதிரி இருக்கு. ரத்னசபாபதி முகம் சுருங்கிப் போச்சு. செண்பகவல்லி ஒரு கால டிரம்முல முட்டுக் குடுத்தாங்க. ஒண்ணு. ரெண்டு.

மூணாவது இழுப்புல டுபுடுபுடுபுடுபு!

கடையில சாமான் வாங்க வந்தவங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்க. அந்தம்மா கயித்தக் கையில பிடிச்சபடியே, பரீட்சையில முதல் மார்க் எடுத்த பிள்ள மாதிரி சிரிக்கிறாங்க. "ஏங்க! ஓடுது! நான் ஓட்டுனேன்! எப்படி அமத்துறது? அமத்தக் காட்டுங்க, இன்னொரு தடவை இழுக்கணும்!"

செல்வின் சிவப்பு பட்டனக் காட்டுனாரு. அமத்துனாங்க. இழுத்தாங்க. இந்தத் தடவை ரெண்டே இழுப்பு. மறுபடி அமத்தி மறுபடி இழுத்தாங்க. செல்வினே, "போதும்மா, விக்கிறதுக்கு முன்னால தேஞ்சிரப் போகுது"ன்னாரு.

ரத்னசபாபதி டீச்சரத் தனியாக் கூப்பிட்டாரு. குரல் தணிஞ்சிருந்துச்சு. "ஆறு எச்.பி. போதுமா டீச்சர்?"

"உங்க படகுக்கு நாலே போதும். மிச்சத்தப் பாய் பாத்துக்கிடும்."

"எதிர்க்காத்து பலமா அடிச்சா?"

"மெதுவா வருவீங்க."

"பத்துன்னா சீக்கிரம் வந்துரலாம்."

"வந்துரலாம்."

"அப்ப எதத்தான் எடுக்க?"

டீச்சர் கடைக்கு வெளிய போற பஸ்ஸப் பாத்துக்கிட்டு நின்னாங்க.

அவரு மறுபடி பத்துக்கிட்ட போனாரு. மூடி மேல கைய வச்சாரு. நாலு வருஷக் கனவுல அவரு மாட்டியிருந்த மோட்டார் அதுதான். மத்தப் படகுக்காரங்க எல்லாம் திரும்பிப் பாக்க, அலையக் கிழிச்சுக்கிட்டுப் போறது.

செண்பகவல்லி பக்கத்துல வந்தாங்க. கோவமே இல்ல அவங்க முகத்துல. "உங்களுக்குப் பிடிச்சிருந்தா அதையே எடுங்க. படக விக்க வேண்டாம், நீங்க போயிட்டு வாங்க. நான் கரையில உக்காந்து பாத்துக்கிடுதேன்."

அவ்வளவு சாதாரணமாத்தான் சொன்னாங்க. ரத்னசபாபதிக்குக் கை சுட்டுச்சு. பத்து மேல இருந்து எடுத்துட்டாரு.

"செல்வின், ஆறு. பேக் பண்ணுங்க."

"நெசமாவா அண்ணாச்சி?"

"நெசமாத்தான். பத்தத் துணி போட்டு மூடுங்க, நான் திரும்பிப் பாத்துரப் போறேன்!"

செண்பகவல்லி சிரிச்சாங்க. "ஞாயித்துக்கிழம எத்தன மணிக்கு?"

அவ்வளவுதான்! ரத்னசபாபதி சின்னப்பிள்ள மாதிரி கடையவே ஒரு சுத்து சுத்தி வந்தாரு. "ஆறு மணிக்கு! காலைல ஆறு மணிக்கு! காத்து அப்பதான் நல்லாருக்கும்!" பில்லு போடுற வரைக்கும் நிக்க முடியல. மோட்டார ஆட்டோவுல ஏத்தும்போது டீச்சர்கிட்ட குனிஞ்சு, கண்ணெல்லாம் மின்ன, கேட்டாரு.

"நீளக்கால் ஆச்சு. கயிறும் அவ கைக்கு வந்துருச்சு. இனிமே ஒண்ணும் தப்பாகாதுல்ல டீச்சர்?"

டீச்சர் ஆட்டோக்குள்ள எட்டிப் பாத்தாங்க. உள்ள செண்பகவல்லி புது மோட்டார மடியோட சேத்துப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க.

"ஆகும் அண்ணாச்சி. ஒரு நாள் நீங்க கால் வழுக்கித் தண்ணில கிடப்பீங்க. படகு பாட்டுக்கு உங்கள விட்டுட்டு போயிக்கிட்டிருக்கும். அப்ப மதினி கயித்த இழுத்து, திருப்பி, உங்கள எடுக்க வருவாங்க."

ரத்னசபாபதி ஆட்டோவுல ஏறி, மோட்டாருக்கு அந்தப் பக்கம் கிடச்ச ஓரத்துல ஒடுங்கி உக்காந்துக்கிட்டாரு.

உங்க வீட்லயும் இப்படி ஒரு மோட்டார் இருந்திருக்கா, உங்க கைக்கு மட்டும் ஸ்டார்ட் ஆகுறது?